முதல் தடவை மட்டும்

கைப்பைக்குள் போன் ஒரு தடவை முனகிவிட்டு அடங்கியது. வடிவின் போன். சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்கிறது, சொல்லிக்கொள்ளட்டும். எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, காலையில் இந்த ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்ததே ஆவுடையப்பனுக்கு இந்த ஜென்மத்துக்குப் போதும். மனைவியின் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக அவன் உட்கார்ந்திருந்தான். எதிரே கண்ணாடிக் கதவு. அதற்கு அந்தப் பக்கம் ஐசியூ, அதற்குள் ஏதோ ஒரு கட்டிலில் வாயில் குழாயோடு அவன் மகள் நித்யகல்யாணி. பதினோரு வயது. விடியற்காலையில் உடம்பில் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கி, வலிப்பு வந்து, கட்டில் சட்டத்தில் கால் அடித்துக்கொள்கிற சத்தத்தில்தான் இவர்கள் எழுந்தார்கள். இன்னும் அவள் கண்ணைத் திறக்கவில்லை. மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரையே போகவில்லை, வீக்கம் இருக்கிறது, இன்றைக்கு ராத்திரி தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். டாக்டர்கள் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு அவன் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. நாலு மணிக்கு ஒரே ஒருவரை உள்ளே விடுவார்களாம். வடிவு காலையிலிருந்து அந்த நாலு மணியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள். பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. இப்போது கீழே பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையை இவன் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பைக்குள் போன். போனுக்குள் அந்த எண். போன் அணைந்துவிட்டால் அந்த எண் இருந்த இடம் தெரியாமல் போய்விடும், அது வடிவுக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது, உலகத்தில் இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்.

பெரிய இவன் என்று நினைப்பு. வீட்டிலேயே எழுதினான் அந்தக் கணக்கு ஆப்பை. கடையில் கிடைப்பதெல்லாம் குப்பை, இட்லிக்கும் இடியாப்பத்துக்கும் எவன் கணக்கு வைத்திருக்கிறான், நான் எழுதித் தருகிறேன் பார் என்று ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதில் கொட்டினான். பிள்ளைக்கு ஆறு வயதில் வந்த சர்க்கரை, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் இன்சுலின் ஊசி. விரலில் குத்திப் பார்த்த அளவைத் தட்டு, என்ன சாப்பிடப்போகிறாள் என்று தட்டு, எத்தனை யூனிட் போட வேண்டும் என்று அது சொல்லும். டாக்டர் குறித்துக் கொடுத்த அளவை இணையத்தில் ஒரு மூலையில் பத்திரமாக வைத்திருந்தான். கணக்குப் போடுகிற பகுதியைக் கூப்பிடும்போதெல்லாம் அது அங்கே போய், அளவு என்ன என்று கேட்டு வந்து, அப்புறம்தான் பதில் சொல்லும். ஒழுங்காகத்தான் இருந்தது. ஒழுங்காக இருந்ததை ஒழுங்காக விட்டானா? போகிற வழியில் இணையம் மக்கர் பண்ணும், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கல்யாணி தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், தோசை ஆறிவிடும். "பிள்ளை பசியோட கெடக்கா, ஒங்க மிஷினு கோயில் தேரு மாதிரி அசையுது" என்றாள் வடிவு. "அப்பா, இது தூங்குமூஞ்சி ஆப்பு" என்றாள் கல்யாணி. அவ்வளவுதான், ரோசம் வந்துவிட்டது. ஒரே ஒரு வரி. கையில் அளவு இல்லையென்றால் போய் எடுத்து வா, இருந்தால் இருப்பதையே கொடு. முதல் தடவை மட்டும் போகும், அடுத்த தடவையிலிருந்து போகாது, எத்தனை தடவை கூப்பிட்டாலும் கேட்டு வாங்கி வைத்ததையே கொடுக்கும். தட்டின மாத்திரத்தில் பதில். கல்யாணி கையைத் தட்டினாள். வடிவு கூட, பரவாயில்லையே என்றாள். அந்த நிமிடத்தில் அவனுக்கு இருந்த மிதப்பு இருக்கிறதே! டாக்டர் என்றைக்காவது அளவை மாற்றுவார், மாற்றினால் கையில் இருப்பதைக் கீழே போடச் சொல்ல வேண்டும் என்று ஏன் தோன்றவில்லை? தோன்றியது. தோன்றவில்லை என்று யாரை ஏமாற்ற. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஆபீசில் சின்னப் பையன்கள் இதே மாதிரி எழுதிக்கொண்டு வந்தால் மூஞ்சியில் அடிக்காத குறையாகத் திருப்பி அனுப்புவான். இதில் இன்னொரு கூத்து, ஊசி நேரத்துக்கு மணி அடிக்க வேண்டுமே என்று, போன் எந்தக் காரணத்தைக் கொண்டும் அந்த ஆப்பை நிறுத்திவிடாதபடி கட்டுக்காவல் வேறு போட்டு வைத்திருந்தான். வடிவும் போனை அணைக்கவே மாட்டாள், மணி அடிக்காமல் போய்விடுமோ என்கிற பயம் அவளுக்கு. ஆக, மாசக்கணக்காக அது தூங்காமல் கொள்ளாமல் பழைய அளவைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. போன் ஒரே ஒரு தடவை அணைந்து எழுந்திருந்தால் அதைக் கீழே போட்டுவிட்டுப் புதிதாகப் போய்க் கேட்டிருக்கும்.

யாரோ எலுமிச்சம்பழச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பினாயில் வாசத்தோடு அந்த வாசம் கலந்து வந்தபோது பசித்தது. த்தூ, பசிக்கிறது பார். சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது, ஒரு பெண் சிரித்துக்கொண்டே எதையோ வதக்குகிறாள். நேற்றுக்கூட கல்யாணி இட்லிதான் சாப்பிட்டாள், தக்காளிச் சட்னி வேண்டாம், பொடி போதும் என்றாள். போன வாரம் டாக்டர் அளவைக் குறைத்தார். பள்ளிக்கூடத்தில் கோகோ ஆட ஆரம்பித்திருக்கிறாள், ஓடுகிற பிள்ளைக்கு இவ்வளவு மருந்து வேண்டாம், குறைத்துப் போடுங்கள் என்றார். கிளினிக் வாசலில் ஸ்கூட்டியில் சாய்ந்து நின்றபடியே இவன் புது அளவைத் தட்டி ஏற்றினான். தன் போனிலும் திறந்து பார்த்தான், கணக்குச் சரியாக வந்தது. வராமல் என்ன, அந்தப் போனில் அன்றைக்குத்தான் முதல் தடவை. வடிவின் போனில் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒன்றுதானே. பிள்ளைக்கு அப்புறம் ரெண்டு மூன்று தடவை கை நடுங்கிற்று, வேர்த்தது, குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள், கோகோ ஆடுகிறாள் அல்லவா, அதுதான் என்று சொல்லிக்கொண்டார்கள். சொல்லிக்கொண்டார்கள் என்ன, இவன் சொன்னான், வடிவு கேட்டுக்கொண்டாள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்கு அவள் போனைத் தூக்கிக்கொண்டு இவன் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இவன் காதில் ஹெட்போன், அந்தப் பக்கம் எவனோ ஒருத்தன் இவனுடைய குழுவின் லட்சணத்தை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். "அத்தான், இது கொறையவே இல்லியே. டாக்டர் கொறைக்கச் சொன்னாருல்லா? வழக்கம்போலத்தான் காட்டுது." இவன் தலையைத் தூக்கவில்லை. ஒரு காதை மட்டும் விலக்கி, "அதெல்லாம் ஏத்தியாச்சு. நீயா ஒரு கணக்குப் போடாத தாயி. அது காட்டுறதப் போடு" என்றான். தாயி என்று வேறு. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நின்றது கண்ணோரத்தில் தெரிந்தது, நைட்டியின் ஓரம், கையில் போன். அப்புறம் போய்விட்டாள். போய்ப் போட்டாள்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியிருந்தால். தூக்கவில்லை. தூக்காததற்கு ஹெட்போன் காரணமில்லை, அந்தப் பக்கத்து ஆளும் காரணமில்லை, வேறு யாராவது வந்து எண் இடிக்கிறது என்று சொல்லியிருந்தால் தூக்கிப் பார்த்திருப்பான். சொன்னது வடிவு. வடிவுக்கு நம்பர் வராது. இது எப்போது முடிவானது? கல்யாணம் ஆன புதிதில், திருநெல்வேலிக்குப் போவதற்கு டிக்கெட் இவள் கையில் இருந்தது, பதினேழு மணி என்று போட்டிருந்ததை ஏழு மணி என்று பார்த்துவிட்டு நிதானமாகத் தலைவாரிக்கொண்டிருந்தாள், எழும்பூர் போய்ச் சேர்ந்தபோது தண்டவாளம்தான் இருந்தது. அவ்வளவுதான் சமாச்சாரம். அன்றைக்கு அவளைப் பற்றிக் கேட்டு வாங்கி மனசுக்குள் வைத்தது வைத்ததுதான். அதற்குப் பிறகு எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் தடவை அவள் வாயைத் திறந்திருப்பாள், ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து அதே பதில்தான் வந்தது, வடிவுக்கு நம்பர் வராது. கொழுந்தியா கல்யாணத்தில் பந்தி முழுக்கச் சொல்லிச் சிரித்தான். மாமனார் கூடச் சிரித்தார். வடிவும் சிரித்தாள், சிரித்துச் சிரித்து அவளும் அதை நம்பிவிட்டாள், எண் எது வந்தாலும் அத்தான் நீங்க பாருங்க என்று நீட்டுவாள். ஆனால் இந்த ஐந்து வருஷமாகப் பிள்ளைக்கு ஊசி போட்டது யார்? ஒரு இட்லியைக் கையில் வாங்கினாலே அதில் எவ்வளவு மாவு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். கல்யாணி முகத்தைப் பார்த்தே சர்க்கரை எவ்வளவு என்று சொல்வாள், அப்புறம் குத்திப் பார்த்தால் ஒன்றிரண்டு கூடக் குறையத்தான் இருக்கும். இதெல்லாம் கண் முன்னால் நடந்தது. கண் முன்னால் நடந்து என்ன, இவன்தான் போய்க் கேட்டு வருவதை என்றைக்கோ நிறுத்திவிட்டானே. இவனும் அதே ஒரு வரிதான் போல. சீ, இதையும் ஒரு அழகான கருத்தாக யோசித்து ரசிக்கிறாயா, பிள்ளை உள்ளே கிடக்கிறாள், வெட்கம் கெட்டவனே.

சொல்லிவிட வேண்டும். வடிவு மேலே வந்ததும், நாலு மணிக்கு முன்னால், போன் அணைவதற்கு முன்னால், திறந்து காட்டி, பார், இதுதான் நேற்று உனக்குக் காட்டிய எண், நீ சரியாகத்தான் பார்த்தாய், சரியாகத்தான் போட்டாய், தப்பு என்னுடையது என்று சொல்லிவிட வேண்டும். வாக்கியம் தயாராக இருக்கிறது. காலையிலிருந்து தயாராகத்தான் இருக்கிறது. காலையில் டாக்டர் கேட்டார், எவ்வளவு போட்டீங்கம்மா. அவள் சொன்னாள். அவர் முகம் மாறியது. அளவைக் குறைத்துக் கொடுத்தேனே, இவ்வளவு எப்படி வந்தது என்றார். அவள் இவனைப் பார்த்தாள். இவன் தன் போனைத் திறந்து காட்டினான், அது குறைந்த எண்ணைக் காட்டியது, ஏன் காட்டினான், அப்போது நிஜமாகவே தெரியாது, சாமி சத்தியமாகத் தெரியாது, கணக்குச் சரி என்றுதான் நினைத்தான். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். "நான் தப்பாப் பாத்துட்டேனா அத்தான்?" என்றாள். அப்புறம்தான் இவனுக்குச் சுருக்கென்றது, கழிப்பறைக்கு அவள் போனோடு ஓடினான், தட்டினான், பழைய எண் வந்து நின்றது. வெளியே வந்து ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? பிள்ளை எழுந்து உட்காரப் போகிறாளா? வைத்தியத்தில் ஏதாவது மாறுமா? எவ்வளவு போட்டது என்று டாக்டருக்குத் தெரியும், அது போதும் அவருக்கு, யார் தப்பு என்பது மருந்துக்குத் தேவையில்லை. நல்லவேளை, வேறு யாருக்கும் அந்த ஆப்பைக் கொடுக்கவில்லை, எனவே ஊருக்கும் அதனால் ஆபத்தில்லை. ஆக, சொல்வதால் பிரயோசனம் ஒருத்திக்குத்தான், வடிவுக்கு. வடிவு தாங்குவாளா? தப்பு தன் மேல் இல்லை என்று தெரிந்தால் ஒரு மூச்சு விடுவாள், அடுத்த மூச்சில் இவனைப் பார்ப்பாள். அந்தப் பார்வை. நேற்று வந்து நின்னேனே அத்தான் என்பாள். அதைத்தான் இவனால் தாங்க முடியாது, அவளால் தாங்க முடியாதது என்று எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. போன் மறுபடியும் முனகியது.

"அண்ணா, போன் ஆஃப் ஆயிடப் போவுது போல, சத்தம் குடுத்துக்கினே கீதே," என்றாள் அடுத்த வரிசைப் பெண். அவளுடைய மாமனார் உள்ளே இருக்கிறார், மாரடைப்பு, மூன்று நாளாக இங்கேதான் படுக்கை என்று காலையிலேயே வடிவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "என்னாண்ட சார்ஜர் இருக்குது. தோ, தண்ணி மிஷின் பக்கத்துல பிளக் கீது, போட்டுக்கோ." பையிலிருந்து எடுத்து நீட்டியும் விட்டாள். நீட்டிய கையில் பச்சை நரம்பு, கண்ணாடி வளையல். வாங்கினால் ஆயிற்று. எழுந்து பத்தடி நடந்தால் ஆயிற்று. "வேணாங்க," என்றான் ஆவுடையப்பன், "எங்கிட்ட இருக்கு." இல்லை. அவனிடம் சார்ஜர் இல்லை, காலையில் செருப்புக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர்கள். "சரி, வேணும்னா கேளு," என்று அவள் அதை மடியிலேயே வைத்துக்கொண்டாள். இவன் கையைப் பைக்குள் விட்டான். போன் வெதுவெதுப்பாக இருந்தது. எடுத்துத் திறந்து ஒரு படம் பிடித்து வைத்துக்கொண்டால்கூடப் போதும், அப்புறம் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம், பிள்ளைக்கு இன்னது என்று தெரிந்த பிறகு சொல்லலாம். பிடித்திருக்கலாம். விரல்கள் அதன் மேலேயே இருந்தன, பிள்ளையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல. நான் எதுவும் செய்யவில்லையே, நானா அணைத்தேன், அதுவாக அணைந்தால் நான் என்ன செய்ய, கீழே போனவள் இன்னும் வரவில்லை, அவள் வந்திருந்தால் சொல்லியிருப்பேனே, பிள்ளையாரிடம் இவ்வளவு நேரம் என்ன பேச்சு. கைக்குள் அது ஒரு தடவை உதறியது. பிறகு ஒன்றுமில்லை. எடுத்துப் பார்த்தான், கறுப்புத் திரையில் அவன் மூஞ்சி தெரிந்தது, மூன்று நாள் தாடியோடு, இந்த லட்சணத்தில் ஒரு மூஞ்சி. நெஞ்சுக்குள் ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது பாரம்தான், அதில் சந்தேகமே இல்லை, நிம்மதியாகத்தான் இருந்தது. இப்படியும் ஒரு பிறவி.

வடிவு நெற்றி நிறைய விபூதியோடு மூச்சு வாங்க வந்தாள். காகிதத்தில் மடித்து எடுத்து வந்ததை இவன் நெற்றியிலும் பூசினாள். "மணி என்ன, கூப்பிட்டுருவாங்கல்லா?" என்றவள் பையை வாங்கிப் போனை எடுத்தாள். "அணைஞ்சு போச்சே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிசைப் பெண் சார்ஜரோடு எழுந்துவிட்டாள், அண்ணாகிட்ட கேட்டேனே, இருக்குதுன்னாரு என்றாள். வடிவு அதைக் காதில் வாங்கவில்லை. தண்ணீர் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து போனைச் சொருகினாள். ஆவுடையப்பன் பக்கத்தில் போய் நின்றான். திரையில் வெளிச்சம் வந்தது. "டாக்டர் திரும்பக் கேப்பாரு அத்தான். என்னதான் காட்டுதுன்னு நான் ஒரு தடவ பாத்து வச்சிக்கிடுதேன். காலம்பறலருந்து தொடவே பயமா இருந்துச்சு," என்றாள். அவனைத் திறந்து தரச் சொல்லவில்லை, அவளே திறந்தாள். நேற்று ராத்திரி விரலில் குத்திப் பார்த்த அளவு அவளுக்கு மனப்பாடம். தட்டினாள். இட்லி என்று தட்டினாள். வட்டம் சுற்றியது. வெகுகாலத்துக்குப் பிறகு அந்த வட்டம் சுற்றுவதை ஆவுடையப்பன் பார்த்தான், அது போய்க் கேட்கிறது, அளவு என்ன என்று புதிதாகக் கேட்கிறது. எண் வந்தது. குறைந்த எண். வடிவு அதையே பார்த்தாள். அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். மறுபடியும் தட்டினாள், இட்லியை ஒன்று கூட்டித் தட்டினாள், ஒன்று குறைத்துத் தட்டினாள், நேற்றுப் போட்ட எண் எப்படியும் வரவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் இனிமேல் வராது.

"கம்மியாத்தானே காட்டுது அத்தான்," என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அப்ப நாந்தான் கூடப் போட்டுருக்கேன். நான் எதப் பாத்தேன்? கண்ணு தெரிஞ்சுதான பாத்தேன். ஒங்ககிட்ட வந்து கொறையலன்னு வேற சொன்னேனே, நீங்க சரியாத்தான சொன்னிய. எம் பிள்ளைய நானே… எங் கையாலயே…" வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. ஆவுடையப்பன் அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். இப்போது. இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆதாரம் எதற்கு, அவன் சொன்னால் அவள் நம்புவாள், அவன் சொன்ன எதை அவள் நம்பாமல் இருந்தாள். வாக்கியம் வாய்வரை வந்தது. "வடிவு," என்றான். அவள் நிமிர்ந்து பார்த்தாள், விபூதி எல்லாம் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது. "விடு வடிவு. வேணும்னேவா செஞ்ச? ஒன்னய யாரும் ஒண்ணும் சொல்லல. அழாத," என்றான். அவன் குரல்தான். எவ்வளவு இதமாக இருந்தது அந்தக் குரல், இவ்வளவு இதமாக அவளிடம் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று. வடிவு அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வேற ஒருத்தர்னா என்னய வெட்டிப் போட்டுருப்பாவ. ஒரு சொல்லு சொல்லலியே அத்தான் நீங்க, ஒரு சொல்லு சொல்லலியே." அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் அவளுக்கு வருத்தமாக இருக்குமே என்று நினைத்தான், இதையும் நினைத்தான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. "நித்யகல்யாணி. ஒருத்தர் வாங்க, சீக்கிரம்," என்றாள் நர்ஸ். ஆவுடையப்பன் வடிவின் தோளைத் தொட்டு எழுப்பினான். அவள் எழவில்லை. தலையை ஆட்டினாள், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "நீங்க போங்க."

"நீதான போகணும்னு காத்துக்கெடந்த. போ வடிவு. ராத்திரிக்கு… போய்ப் பாத்துரு."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ முன்னால நிப்பேன்? நான் மாட்டேன். அவளுக்குக் கேக்குமாம், டாக்டர் சொன்னாரு. பேசுங்க அவகிட்ட. அம்மா தெரியாமச் செஞ்சிட்டான்னு சொல்லுங்க. என்னய மன்னிச்சிக்கிடச் சொல்லுங்க அத்தான்."

நர்ஸ் மறுபடியும் பெயரைக் கூப்பிட்டாள். ஆவுடையப்பன் எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போனான்.